சுவிஸிலிருந்து யூட்டாவுக்குப் போனவரின் கடிதக் கட்டு: பிரசங்கப் பகுதியை விட்டுவிட்டுப் படியெடுக்கலாமா?

வல்லைவெளி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பேர்ன் மாநிலத்தில் எம்மென்டால் பக்கம் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். எங்கள் மாடிக்குக் கீழே ஒரு அம்மா இருக்கிறார், வயது 84, என்னைத் தன் பிள்ளை போல நடத்துபவர். போன மார்கழியில் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னார். உள்ளே 31 கடிதங்கள். எல்லாம் அவருடைய பூட்டிக்கு, அதாவது அம்மம்மாவின் அம்மாவுக்கு, அவவின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து எழுதியவை. முதல் கடிதம் 1861, கடைசிக் கடிதம் 1889.

அந்த அண்ணன் ஊரில் இருக்கும்போதே, அமெரிக்காவில் தொடங்கிய மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றவர். அப்புறம் அமெரிக்காவில் யூட்டாவின் தெற்கே, பாலைவனப் பக்கம், சான்டா கிளாரா என்ற இடத்தில் குடியேறியிருக்கிறார். இந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை என்னவென்றால், அவர் மதம் மாறியதால் தங்கை அவருக்கு ஒரு வரிகூடப் பதில் போடவில்லை, ஆனால் கடிதங்களை எரிக்கவும் மனம் வரவில்லை என்பது.

வரும் கோடையில் குடும்ப ஒன்றுகூடல் வைக்கிறார்கள். அதற்கு ஒரு சிறு புத்தகம் அச்சடிக்க வேண்டும் என்று அந்த அம்மாவின் மகன் விரும்புகிறார். நான்தான் படியெடுத்துக் கொடுக்கிறேன், மாலை வேளைகளில், அம்மாவோடு மேசையில் இருந்து. ஆனால் மகன் சொல்வது, பயணம், திராட்சைப் பயிர், பிள்ளைகள், விலைவாசி, இவை மட்டும் போதும், சமயம் பேசுகிற பக்கங்கள் வேண்டாம் என்று. நிறையக் கடிதங்களில் பாதிக்கு மேல் சமயம்தான். தங்கையை வா வா என்று கூப்பிடுவது, ஊரைப் பாவம் நிறைந்த பாபிலோன் என்பது, தான் இருக்கும் இடத்தைத் தேவனின் நகரமான சீயோன் என்பது. அதோடு 1870களில் அவருக்கு இரண்டாவது மனைவி ஒருத்தி வந்திருக்கிறார் என்பதும் ஓரிடத்தில் தெரிகிறது. அதையும் விடச் சொல்கிறார்.

நான் எடுப்பதா விடுவதா? எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். இப்படியான பழைய கடிதங்களோடு வேலை செய்தவர்கள் இங்கே இருப்பீர்கள் என்றுதான் கேட்கிறேன்.


தாமிரபரணி72 எழுதியது:

அக்கா, குடும்பத்தார் கேட்பதைச் செய்து கொடுங்கள். அவர்கள் வீட்டுச் சொத்து அது. 150 வருடத்துக்கு முன்னால் ஒருவர் தங்கைக்கு எழுதிய பிரசங்கத்தை இன்றைக்கு யார் படிக்கப்போகிறார்கள்? நானும் எங்கள் பெரியப்பா வீட்டில் இப்படி ஒரு கட்டு பார்த்திருக்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் வசனம். அதைத் தாண்டினால்தான் மனிதர் தெரிவார். திராட்சை எப்படி வளர்த்தார், பாலைவனத்தில் தண்ணீருக்கு என்ன செய்தார், அதுதான் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியது. மதம் மாறிய சண்டையை மறுபடி கிளறி யாருக்கு என்ன லாபம்.


ரைன்கரை எழுதியது:

தாமிரபரணி, நான் இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். பாசலில் இருந்துகொண்டு சுவிஸ் குடியேற்ற வரலாற்றைப் பல வருடமாகப் படித்து வருகிறேன், அதனால் கொஞ்சம் பின்னணி சொல்கிறேன்.

மோர்மன் சபை, அதாவது பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை, 1830இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கியது. சுவிஸுக்கு மதம் பரப்பும் அவர்களுடைய ஊழியர் முதலில் வந்தது 1850 முடிவில். ஸ்டென்ஹவுஸ் என்பவர் ஜெனீவாவில் வேலையைத் தொடங்கினார். 1852இல் அவர்களுடைய வேதமான மோர்மன் நூல் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான், பலதார மணம் எங்கள் கொள்கை என்று சால்ட் லேக் நகரில் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். அந்தச் செய்தி ஐரோப்பாவுக்கு வந்த பிறகு ஒரு சுவிஸ் கிராமத்தில் மோர்மனாக ஞானஸ்நானம் பெறுவது என்றால் என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டமும் துணைக்கு இல்லை. 1848 அரசியல் சட்டம் வழிபாட்டு உரிமையை அங்கீகரிக்கப்பட்ட கிறிஸ்தவப் பிரிவுகளுக்குத்தான் கொடுத்தது. மனச்சாட்சிச் சுதந்திரம் எல்லாருக்கும் என்று எழுதப்பட்டது 1874 அரசியல் சட்டத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் ஊழியர்களைப் பிடித்து மாநில எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்ட சம்பவங்கள் உண்டு. எம்மென்டாலில் அதற்கும் முன்னால் மறுஞானஸ்நானக்காரர்களை, அதாவது வளர்ந்த பிறகுதான் ஞானஸ்நானம் என்ற பிரிவினரை, துரத்தித் துரத்தி அடித்த நினைவு வேறு மக்களுக்கு இருந்தது.

அப்படியான ஊரில் அந்த மனிதர் ஆற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார். அந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் சான்டா கிளாரா இல்லை, திராட்சை இல்லை, 31 கடிதமும் இல்லை. பிரசங்கத்தை எடுத்துவிட்டால் அவர் ஏன் அங்கே போனார் என்பதே அந்தப் புத்தகத்தில் இருக்காது. ஏதோ நல்ல நிலம் தேடிப் போன விவசாயி போலத் தெரிவார். எம்மென்டாலின் பச்சைப் புல்வெளியை விட்டுவிட்டு நல்ல நிலம் தேடி யாராவது தென் யூட்டாவின் செம்மணல் காட்டுக்குப் போவார்களா?


தாமிரபரணி72 எழுதியது:

புரிகிறது சார். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்துச் சுவிஸ் இன்றைய சுவிஸ் இல்லை, பஞ்சம் பிடித்த நாடு என்று நானும் படித்திருக்கிறேன். கப்பல் காசு தருகிறோம் என்று சொன்னால் ஏழை மாறத்தான் செய்வான். நம்ம ஊரிலும் இந்தப் பேச்சு உண்டே. விசுவாசம் விசுவாசம் என்று நாம் பெரிதாகப் பேசுவது சரியா?


ரைன்கரை எழுதியது:

நல்ல கேள்வி. பஞ்சம் உண்மை. 1845இலிருந்து உருளைக்கிழங்கு நோய் வந்து ஊர் ஊராகப் பட்டினி. ஏழைகளைப் பராமரிக்கிற பொறுப்பு அவரவர் பூர்வீக ஊராட்சிக்கு என்பதால், செலவுக் கணக்குப் பார்த்து ஏழைகளைக் கூட்டமாகவே கப்பலேற்றிவிட்ட ஊர்கள் உண்டு. ஆர்காவ் மாநிலத்தில் இன்றைக்கு ரோத்ரிஸ்ட் என்று சொல்கிற ஊர் 1855இல் 305 பேரை இப்படி அனுப்பியது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏழை ஒருவர் அமெரிக்கா போக வேண்டும் என்றால் மதம் மாறாமலே வழி இருந்தது. விஸ்கான்சினில் நியூ கிளாரஸ் 1845இல் அப்படி உருவான சுவிஸ் ஊர்தான், அங்கே போனவர்கள் சபையை மாற்றிக்கொள்ளவில்லை.


மழைக்காகிதம் எழுதியது:

நான் லாஸ் வேகஸில் இருக்கிறேன். சான்டா கிளாராவுக்கு இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான், மூன்று தடவை போயிருக்கிறேன், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கப்பல் காசு விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். மோர்மன்களுக்கு 1849இல் தொடங்கிய ஒரு குடியேற்ற நிதி இருந்தது. ஆனால் அது தானம் இல்லை, கடன். போய்ச் சேர்ந்து உழைத்துத் திருப்ப வேண்டும், அந்தக் காசில் அடுத்தவர் வர வேண்டும் என்பது ஏற்பாடு. அதிலும் செலவைக் குறைக்க 1856 முதல் 1860 வரை கைவண்டிக் கூட்டங்கள் வைத்தார்கள். மாட்டு வண்டி இல்லை, இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் சாமான்களை ஏற்றி, மனிதர்களே இழுத்துக்கொண்டு மிசூரி ஆற்றங்கரையிலிருந்து சால்ட் லேக் வரை, ஆயிரம் மைலுக்கு மேல். மொத்தம் பத்துக் கூட்டம். 1856இல் இரண்டு கூட்டங்கள் தாமதமாகப் புறப்பட்டு பனியில் மாட்டி இருநூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தச் செய்தி தெரிந்த பிறகும் ஆட்கள் வந்தார்கள்.

கடைசிக் கூட்டம் 1860 ஜூலையில் புறப்பட்டு செப்டம்பர் 24இல் போய்ச் சேர்ந்தது. அதில் சுவிஸ்காரர்கள் பலர். பேர்ன் மாநிலத்து ரோத்தன்பாக் ஊரில் பிறந்த ஆறு வயதுக் குழந்தை ஒருத்தி அதில் இருந்தாள், மேரி ஆன் ஸ்டுக்கி என்று பெயர். அப்பா வண்டியை இழுக்க நடந்து வந்த பயணத்தைக் கிழவியான பிறகு பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வைத்தார், 1938இல் அது அச்சானது. அவருடைய வாழ்க்கையும் சான்டா கிளாராவில்தான். முதல் கணவர் கல்யாணமான சில நாளிலேயே வண்டி விபத்தில் இறந்துபோக, ஜான் ஹேஃபன் என்பவருக்கு இரண்டாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டார். பிறகு 1891இல் நெவாடாவில் பங்கர்வில் என்ற ஊருக்குப் போய்ப் பெரும்பாலும் தனியாகவே பிள்ளைகளை வளர்த்தார். ஒரு மகன் பெரிய வரலாற்றாசிரியர் ஆனார். மேரி ஆன் தான் இரண்டாம் மனைவி என்ற விஷயத்தை மறைக்கவே இல்லை, நேராக எழுதியிருக்கிறார், தனக்கு அதில் விருப்பம் குறைவாக இருந்ததையும் சேர்த்து. உங்கள் கடிதக்காரர் வீட்டில் வந்த இரண்டாவது பெண்ணுக்கும் ஒரு மனமும் ஒரு பெயரும் இருந்திருக்கும் அக்கா. புத்தகத்திலிருந்து அவரை எடுத்துவிட்டால் அவர் பெற்ற பிள்ளைகளின் சந்ததி எங்கே போய்த் தேடும்?

சான்டா கிளாரா பற்றி: 1861 அக்டோபரில் சபைத் தலைவர் பிரிகாம் யங் 300க்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பெயர் சொல்லித் தெற்கே போகச் சொன்னார். உள்நாட்டுப் போரால் பருத்தி வராமல் போகும், நாமே விளைவிக்க வேண்டும் என்பது காரணம். அதோடு சுவிஸ்காரர்கள் ஏறத்தாழ 85 பேரைச் சேர்த்து, நீங்கள் திராட்சையும் பழமும் வளர்க்க வேண்டும் என்று அனுப்பினார்கள். பலருக்கு யூட்டா வந்தே சில வாரம்தான் ஆகியிருந்தது, ஆங்கிலமும் தெரியாது. நவம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்து, மனைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டு, முதல் வேலையாக வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டி முடித்த கையோடு கிறிஸ்துமஸ் நாளில் மழை பிடித்தது. ஏறத்தாழ நாற்பது நாள். ஜனவரியில் ஆறு பெருகி அங்கே ஏற்கெனவே இருந்த கல்கோட்டையையே அடித்துக்கொண்டு போய்விட்டது. புது வாய்க்காலும் அணையும் போனது.

உங்கள் கட்டில் 1862 கடிதம் இருக்கிறதா?


வல்லைவெளி எழுதியது:

இருக்கிறது!! மழைக்காகிதம், இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1862 மார்ச் கடிதத்தில் வாய்க்கால் என்ற சொல் நாலு தடவை வருகிறது, மறுபடி வெட்டினோம், மறுபடி வெட்டினோம் என்று. எனக்கும் அம்மாவுக்கும் அது என்னவென்று புரியவில்லை, வருடா வருடம் தூர் வாருவதைச் சொல்கிறாராக்கும் என்று நினைத்துவிட்டோம். அந்த வரிக்கு அடுத்த வரியே பிரசங்கம்தான், நோவா காலத்து மழையைச் சொல்லி, தேவன் எங்களைச் சோதிக்கிறார் ஆனால் கைவிடவில்லை என்று. மகன் சொன்னபடி வெட்டினால் அந்த வரி போய்விடும். மழையைப் பற்றி அவர் எழுதியிருப்பதே அந்தப் பிரசங்கத்துக்குள்தான்.

இன்னொரு உதவியும் வேண்டும். பழைய ஜெர்மன் கையெழுத்து, குர்ரென்ட் என்கிறார்கள், எனக்கு ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் நகர்கிறது. அம்மாவுக்குச் சின்ன வயதில் பாட்டி கொஞ்சம் சொல்லிக் கொடுத்ததால் சில சொற்களை எடுத்துத் தருகிறார். முதல் மூன்று கடிதம் இன்னும் மோசம், ஒரு பக்கத்தை எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்து அதற்கு மேலேயே குறுக்காக எழுதியிருக்கிறார்.


சுவடிப்பித்தன் எழுதியது:

குறுக்கெழுத்துக்குக் காரணம் தபால் கூலி, எடை கூடினால் காசு கூடும். ஒவ்வொரு நாடும் தனித்தனியாகக் கூலி வாங்கிய காலம் அது. உங்கள் பேர்ன் நகரில்தான் 1874 அக்டோபர் 9இல் பொது அஞ்சல் ஒன்றிய ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு ஜூலையிலிருந்து 15 கிராம் கடிதத்துக்குப் பொதுவாக 25 சென்டிம் என்று ஆனது. 1875க்குப் பிறகு கடிதங்கள் நீண்டிருக்கும், தாளும் தடித்திருக்கும், பாருங்கள்.

குர்ரென்ட் பற்றி. நான் ஓலைச்சுவடி படிக்கிறவன், ஜெர்மன் எழுத்தைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன், பழைய தமிழ்க் கிறிஸ்தவ ஊழியர்களின் நாட்குறிப்புகளுக்காக. ஓலையில் புள்ளி இருக்காது, எகரமா ஏகாரமா தெரியாது, காலும் ரகரமும் ஒன்றாகவே இருக்கும். எழுத்தை எழுத்தாகப் பார்த்தால் முன்னே போக முடியாது, சொல்லாகப் பார்த்து, அது அந்த இடத்தில் பொருந்துகிறதா என்று வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். குர்ரென்டும் அப்படித்தான். அதில் எ என்ற ஒலிக்கான எழுத்தும் ந் என்ற ஒலிக்கான எழுத்தும் இரண்டு கோடுகளாகவே இருக்கும், உ எழுத்தின் தலையில் ஒரு வளைவு இருக்கும், அதை வைத்து அதைப் பிரித்தெடுக்கலாம். வாய்விட்டுப் படியுங்கள். அந்த அம்மாவையே படிக்க விடுங்கள், ஏனென்றால் அவர் காதுக்கு எம்மென்டால் பேச்சு தெரியும், எழுதியவரும் பேசுகிற மாதிரித்தான் எழுதியிருப்பார். உருளைக்கிழங்கு, வெண்ணெய் போன்றவை அகராதி ஜெர்மனில் வராது. சுவிஸ் வட்டார வழக்குக்கான இடியோட்டிகோன் பேரகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது, அதில் தேடுங்கள்.

ஒரு சுலபமான வழி: குர்ரென்டில் எழுதுகிறவர்கள் வெளிநாட்டு ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் லத்தீன் எழுத்தில் எழுதுவார்கள். அதே பக்கத்தில் அவை தனியாகக் கண்ணில் படும். முதலில் அவற்றை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், கடிதத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். டிரான்ஸ்கிரிபுஸ் என்ற மென்பொருள், இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் உருவானது, படத்தை ஏற்றினால் ஓரளவு படித்துத் தரும். குறுக்கெழுத்தில் அது தடுமாறும், மற்றவற்றில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இன்னும் முக்கியமாக, தாள்களுக்கு லேமினேஷன் போடாதீர்கள். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், கொஞ்ச வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். அந்தக் காலத்து இரும்பு மை தாளை அரிக்கும், அதனால் ஈரம் படவே கூடாது. அமிலமில்லாத உறையில் விரித்து வையுங்கள், மூலையில் மென்மையான பென்சிலால் எண் போடுங்கள். தகரப் பெட்டியில் எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையைப் படம் எடுத்த பிறகு பிரியுங்கள். பழைய உறைகளில் தபால்தலையை யாரோ சேகரிப்பதற்கு வெட்டியிருப்பார்கள், ஆனாலும் உறையை வீசாதீர்கள்.


கொக்குவில் குமாரன் எழுதியது:

தங்கச்சி, நான் இந்த வரலாறு எல்லாம் அறியாதவன், ஒன்றை மட்டும் சொல்ல வந்தேன். 84இல் நான் சூரிச் வந்தபோது அம்மா எனக்கு நீலநிற வான்கடிதத்தில் மாதம் ஒன்று எழுதுவா. அது எல்லாம் என்னிடம் இருக்கு. நான் அம்மாவுக்கு எழுதியது ஒன்றும் இல்லை, 95 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. இப்போது என் மகள் அம்மம்மாவின் கடிதங்களைப் படித்தால், நான் ஏதோ ஒன்றுக்கும் பதில் போடாத பிள்ளை போல இருக்கும். ஒவ்வொரு கடிதத்திலும் அம்மா, ஏன் ராசா எழுதவில்லை என்றுதான் தொடங்குவா. நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். வழியில் நின்றது, பிந்தியது.

அதனால் அந்தத் தங்கை ஒரு வரியும் எழுதவில்லை என்று அந்த வீட்டில் சொல்வதை நான் அப்படியே எடுக்க மாட்டேன். அவ எழுதியிருந்தால் அது யூட்டாவில்தானே இருக்கும், எம்மென்டாலில் எப்படி இருக்கும்? இருபத்தெட்டு வருடம் ஒருவர் பதிலே இல்லாமல் எழுதுவாரா? அண்ணன் கடிதங்களில் ‘நீ கேட்டிருந்தாய்’, ‘நீ சொன்னபடி’ என்று எங்காவது வருகிறதா என்று பாருங்கோ. பின்பக்கங்களையும் பாருங்கோ. எங்கட சனம் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் கடைக் கணக்கு எழுதும்.


ரைன்கரை எழுதியது:

குமாரன் அண்ணன் சொன்னது மிகச் சரி. பெற்றுக்கொண்டவர் வீட்டில்தான் கடிதம் தங்கும், பாதி உரையாடல் கடலின் இந்தக் கரையில், பாதி அந்தக் கரையில்.

மறுபாதியைத் தேட வழி இருக்கிறது. சால்ட் லேக் நகரில் அந்தச் சபையின் வரலாற்று நூலகமும், புரோவோவில் அவர்களுடைய பிரிகாம் யங் பல்கலைக்கழக நூலகமும் குடியேறிகளின் கடிதம், நாட்குறிப்புகளை வைத்திருக்கின்றன. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் இலவசமாகப் பெயர் போட்டுத் தேடலாம், அந்த மனிதருடைய சந்ததியார் யாராவது அங்கே குடும்ப மரம் போட்டிருப்பார்கள் என்பது ஏறக்குறைய நிச்சயம். பூர்வீக ஊரின் பெயரும் பிறந்த ஆண்டும் இருந்தால் போதும்.

பிரசங்கப் பகுதியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மோர்மன்கள் இறந்துபோன முன்னோருக்காக உயிருள்ளவர்கள் ஞானஸ்நானம் பெறுவார்கள், அதற்குக் கோயில் வேண்டும். சான்டா கிளாராவுக்குப் பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் கோயில் 1877இல் திறந்தது, யூட்டாவில் முதல் கோயில் அதுதான். அதற்குப் பிறகு எழுதிய கடிதங்களில் அவர் தாத்தா பாட்டியின் பெயர், பிறந்த நாள், இறந்த நாள் எல்லாம் கேட்டிருக்கிறாரா பாருங்கள். கேட்டிருந்தால் அது சும்மா விசாரிப்பு இல்லை, தன் ஆட்களை மறுமையிலும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் முயற்சி. சுவிஸில் குடிமைப் பதிவாளர் அலுவலகம் எல்லா மாநிலத்துக்கும் வந்தது 1876இல். அதற்கு முந்தைய பதிவுகள் பாதிரியாரின் ஏட்டில்தான். எனவே ஊரில் இருப்பவர் ஒருவர் அந்தப் பாதிரியாரிடமே போய், மோர்மன் அண்ணனுக்காக என்று சொல்லியோ சொல்லாமலோ கேட்டு எழுத வேண்டும். பின்னாளில் ஜூலியஸ் பில்லெட்டர் என்ற சுவிஸ் வம்சாவளி ஆய்வாளர் யூட்டாவிலிருந்து வந்த இப்படியான வேண்டுகோள்களுக்காகவே ஏராளமான குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்தார்.

இரண்டாம் மனைவி விஷயம்: 1882இல் ஒரு சட்டம், 1887இல் இன்னும் கடுமையான ஒரு சட்டம் வந்து அமெரிக்க அரசு பலதார மணக்காரர்களைச் சிறைபிடித்தது. 1890இல் சபையே அதை நிறுத்துவதாக அறிவித்தது. எனவே 1880களின் கடிதத்தில் அவர் வீட்டைப் பற்றி எழுதுவதைக் குறைத்திருந்தால் அதற்கும் காரணம் இருக்கும்.

நேர்மைக்காக இன்னொரு பக்கமும். அந்த 85 பேருக்குத் தலைமை தாங்கிப் போன டானியல் பொனெல்லி, துர்காவ் மாநிலத்துக்காரர், சில வருடத்தில் சபையோடு மனம் வேறுபட்டு விலகிப் போய், கொலராடோ ஆற்றங்கரையில் படகுத்துறை நடத்தினார். அந்த இடம் இன்று மீட் என்ற அணைக்கட்டு ஏரிக்கு அடியில். எல்லாரும் உறுதியாகவே கடைசிவரை இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. உங்கள் கடிதக்காரருக்கும் தளர்ந்த வருடங்கள் இருந்திருக்கலாம், அது தெரிவதும் அந்தப் பிரசங்கப் பக்கங்களில்தான், குரல் ஓங்குகிற இடம், தாழ்கிற இடம் பார்த்துத்தான்.


மழைக்காகிதம் எழுதியது:

திராட்சை பற்றித் தாமிரபரணி கேட்டதால் ஒரு சின்னச் சேர்க்கை. அங்கே திராட்சை நன்றாகவே வந்தது, வைனும் செய்தார்கள், பணப்புழக்கம் இல்லாத ஊர் என்பதால் சபைக்குக் கொடுக்கிற தசமபாகத்தையே வைனாகக் கொடுத்தவர்கள் உண்டு. 1870களின் பின்பாதியில் சில்வர் ரீஃப் என்ற வெள்ளிச் சுரங்க ஊர் பக்கத்தில் எழுந்தது, சுவிஸ்காரர்கள் பழமும் காய்கறியும் வைனும் வண்டியில் கொண்டுபோய் அங்கே விற்றார்கள். சுரங்கம் படுத்ததும் சந்தையும் படுத்தது. 1870களின் கடைசியில் அவர் கையில் கொஞ்சம் காசு இருந்த மாதிரித் தெரிந்தால் அதுதான் காரணமாக இருக்கும்.


தாமிரபரணி72 எழுதியது:

நான் முதலில் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். பிரசங்கத்தை எடுக்கக் கூடாது. கப்பல் காசுக்காக மாறினார் என்று சொன்னதும் அவசரப்பட்டுச் சொன்னது, அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கிறது எனக்கு.

ஆனாலும் அக்கா, மகனை விட்டுவிடாதீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரில் அவர் சின்ன வயதில் என்ன பேச்சுக் கேட்டாரோ. அவருக்குத் தெரியாமல் முழுதும் அச்சடிக்காதீர்கள். முழுப் படியை ஒன்று தனியாக எடுத்து வைத்து, புத்தகத்துக்கு என்ன என்று அவர்களே இருந்து பேசி முடிவு செய்யட்டும். விட்ட இடத்தில் விட்டோம் என்று குறியாவது போட வேண்டும்.


வல்லைவெளி எழுதியது:

மூன்று வாரமாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. குமாரன் அண்ணா, முதலில் உங்களுக்கு.

நீங்கள் சொன்ன அன்றிரவே எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தோம். ‘நீ கேட்டிருந்தாய்’ என்பது முதலில் கண்ணில் பட்டது 1866 கடிதத்தில். பீச் பழத்தை எப்படிக் காய வைப்பது என்று தங்கை கேட்டதற்கு அவர் பதில் சொல்கிறார். நான் அதை ஏற்கெனவே படியெடுத்துவிட்டேன், படியெடுத்தும் எனக்கு உறைக்கவில்லை. பிறகு மொத்தம் ஒன்பது இடத்தில் அப்படி வருகிறது.

ரைன்கரை சொன்னது 1878 கடிதத்தில் இருக்கிறது. மூன்று பக்கம் பிரசங்கம், மகன் முழுதாக விடச் சொன்ன கடிதம் அதுதான். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் அப்பா, அம்மாவின் அம்மா, பிறந்து சில நாளில் இறந்த இரண்டு தம்பிகள் என்று அவர்களுடைய தேதிகளைக் கேட்கிறார். அந்தத் தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் பென்சிலால், வேறு கையெழுத்தில், மிக மங்கலாக ஒரு பட்டியல். ஜன்னலுக்கு நேரே சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. பதினொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் தேதி. ஒரு பெயருக்கு நேரே முதலில் ஒரு தேதி எழுதி, அடித்துவிட்டு, வேறு தேதி எழுதியிருக்கிறது. நினைவிலிருந்து எழுதிவிட்டு, பாதிரியாரின் ஏட்டைப் பார்த்துத் திருத்தியிருக்கிறா என்றுதான் நினைக்கிறேன். இரண்டு தம்பிகளின் பெயர்கள் கடைசியில், கொஞ்சம் இடம் விட்டு.

அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வா, கண்ணாடியை மறக்காமல் கொண்டு வா என்று மட்டும் சொன்னார். அவர் வந்தார். நான் மேலே என் வீட்டிலேயே இருந்துகொண்டேன், அது அவர்களுடைய நேரம். மாலையில் அவர் மேலே வந்து கதவைத் தட்டி, 1878 கடிதத்தை முழுதாகப் போடுங்கள் என்றார். இரண்டாம் மனைவியைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும் என்றார், சரி என்றேன். தாமிரபரணி தம்பி சொன்னபடி முழுப் படி ஒன்று தனியாக இருக்கிறது.

மழைக்காகிதம், ஃபேமிலிசர்ச்சில் அவருடைய கொள்ளுப்பேத்தி ஒருவர் கிடைத்தார், செயின்ட் ஜார்ஜில் இருக்கிறாராம். இரண்டாம் மனைவியின் வழி. எழுதினோம். அவர்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறதாம், ஆனால் பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க அங்கே யாரும் இல்லையாம். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பின்பக்கங்களையும் சேர்த்து.